வயலுக்குப் போனதும் ஊமையாகும் பேட்ச் ஆன்டெனா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் நெல் வயலுக்கு 2.45 கிகாஹெர்ட்ஸ் நீர்மட்ட சென்சார் செய்கிறவர்கள், பேட்ச் ஆன்டெனாவை, அதாவது தட்டையான செம்புச் சதுரத்தை, பெரும்பாலும் 1.6 மி.மீ. எஃப்ஆர்-4 (கண்ணாடி இழை சர்க்யூட்) பலகையில்தான் வெட்டுகிறார்கள். பலகைப் பொருள் அலையை எவ்வளவு சுருக்கும் என்று காட்டும் மின்காப்பு மாறிலியை 4.4 என்று வைத்தால் பேட்ச் 37.3 × 28.8 மி.மீ. வரும். வாங்கிய பலகையில் அது 4.2 ஆக இருந்தால் அதிர்வெண் சுமார் 50 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறிவிடும். பேட்ச் தாங்கும் பட்டை அகலமே, அதாவது அது நன்றாக வேலை செய்யும் அதிர்வெண் வீச்சே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். நீளத்தை 29.5 மி.மீ. வைத்து வெட்டி, அளந்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேயுங்கள். அரை மி.மீ. தேய்த்தால் ஏறக்குறைய 40 மெகாஹெர்ட்ஸ் ஏறும். குட்டையாக வெட்டிவிட்டால் ஒட்டவைக்க வழியில்லை.

பெரிய ஏமாற்று எஸ்11 வளைவில், அதாவது ஆன்டெனாவுக்கு அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் வளைவில், இருக்கிறது. மைனஸ் 10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு சக்தி திரும்பி வருகிறது, அவ்வளவுதான். மீதி காற்றில் போனதா, பலகையைச் சூடாக்கியதா என்று வளைவு சொல்லாது. 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் வளைவு இதைவிட அழகாக விழும். அது எதையும் கதிர்வீசாது! எஃப்ஆர்-4 ஏறக்குறைய பாதிச் சக்தியை விழுங்கக்கூடியது. அதனால் நன்றாக வேலை செய்யும் இன்னொரு ஆன்டெனாவை அதே தூரத்தில் வைத்து, கேட்வேயில் (சென்சாரின் சிக்னலை வாங்கும் கருவியில்) வரும் சிக்னல் அளவை ஒப்பிடுங்கள். செம்புத் தகட்டை 5 மி.மீ. ஸ்பேசரில் காற்றிடைவெளியோடு நிறுத்தினால் இழப்பு வெகுவாகக் குறையும், நீளம் மட்டும் ஏறக்குறைய இருமடங்காகும்.

அளக்கும்போது கேபிளைத் தொட்டதும் வளைவு நகர்ந்தால் கேபிளும் ஆன்டெனாவாகிவிட்டது என்று பொருள். கேபிளில் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையம் மாட்டுங்கள். எஸ்11 அளக்கும் கையடக்கக் கருவியான நானோவிஎன்ஏவைக் கேபிளின் நுனியில் கேலிபரேட் செய்யுங்கள்.

டப்பா மூடியைப் பேட்ச்சை ஒட்டினாற்போல் வைத்த தவறு ஐப்பசி மழையில் தெரியும். தண்ணீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80. மூடிமேல் நிற்கும் நீர்ப்படலம் அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். 10 மி.மீ. இடைவெளி விடுங்கள், மூடியைச் சாய்வாக வையுங்கள், மூடிய பிறகே ட்யூன் செய்யுங்கள். டப்பாவை அடைக்கும் பசையில், வினிகர் வாடை வரும் சிலிகோன் செம்பை அரிக்கும். வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் கேட்கவே வேண்டாம். வாடையில்லாத நியூட்ரல் வகையை வாங்குங்கள்.

பேட்ச் தன் முகத்துக்கு நேரேதான் வீசும். அதை வானம் பார்க்கப் படுக்கவைத்தால் தொலைவில் உள்ள கேட்வேக்கு மிச்சம்தான் கிடைக்கும். கேட்வேயைப் பார்த்து நிமிர்த்தி வையுங்கள். நடவு சமயத்தில் சோதித்துவிட்டுப் போனால், பயிர் ஒரு மீட்டர் வளர்ந்ததும் ஈரத் தாள்கள் சிக்னலைக் குடித்துவிடும். 500 மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் பயிருக்கு மேல் குறைந்தது 2.4 மீட்டர் வெட்டவெளி வேண்டும். 2 மீட்டர் கம்பம், 6 மீட்டரில் கேட்வே என்றால் அது கிடைக்கும்.