காந்தச் சுழியின் கருவை எக்ஸ்-கதிரில் படம்பிடிப்பது எப்படி

நிக்கலும் இரும்பும் 80:20 விகிதத்தில் கலந்த பெர்மலாயில், 2 மைக்ரான் விட்டமும் 50 நானோமீட்டர் தடிமனும் உள்ள வட்டு ஒன்றைச் செய்தால், அதன் காந்தமாக்கம் தானாகவே வட்டமாகச் சுற்றிக்கொள்ளும். நடுவில் மட்டும் வளைய இடமில்லாமல் செங்குத்தாக எழுந்து நிற்கும். அதுதான் சுழியின் கரு. அகலம் சுமார் 20 நானோமீட்டர். பக்கவாட்டில் சிறு காந்தப்புலத்தை ஆட்டினால் கரு வட்டமடிக்கும், நொடிக்கு ஏறத்தாழ 25 கோடி முறை. ஒன்றரை மில்லிடெஸ்லா அளவுள்ள குறுந்துடிப்பே கருவைத் தலைகீழாகப் புரட்டிவிடும் என்பது 2006-ல் தெரியவந்தது. அசையாத புலத்தால் அதையே செய்ய அரை டெஸ்லா வேண்டும்.

இந்தச் சுற்றலைப் பார்க்க ஏற்ற கருவி, சிங்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையமாகச் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் கூடத்தில்) இயங்கும் ஊடுகடத்து ஸ்கேனிங் எக்ஸ்-கதிர் நுண்ணோக்கி. குவித்த கதிரை மாதிரியின் ஊடே செலுத்தி, புள்ளி புள்ளியாகப் படம் சேர்ப்பது அது. பெர்லினில் பெஸ்ஸி 2 வளையத்தில் உள்ள மாக்ஸிமஸ் அப்படிப்பட்டது. கீழே வரும் எண்கள் பெஸ்ஸி 2-க்கானவை. வேறு வளையத்துக்குப் போகிறவர்கள் கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அடிப்படை ஒன்றே ஒன்றுதான். வட்ட முனைவாக்கம் கொண்ட (மின்புலம் திருகுபோலச் சுழன்று வரும்) எக்ஸ்-கதிரை ஒரு காந்தப் பொருள் எவ்வளவு உறிஞ்சும் என்பது, அதன் காந்தமாக்கம் கதிரின் திசையிலா எதிர்த்திசையிலா என்பதைப் பொறுத்து மாறும். 1987-ல் கிசெலா ஷூட்ஸ் குழு இரும்பில் இதை அளந்து காட்டியது. நிக்கலின் எல்3 விளிம்பு, அதாவது உறிஞ்சல் திடீரென எகிறும் ஆற்றல், சுமார் 853 எலக்ட்ரான்வோல்ட், இரும்பினுடையது சுமார் 707. எந்த விளிம்பில் நிற்கிறோமோ அந்தத் தனிமத்தின் காந்தம் மட்டும் தெரியும்.

மாதிரி

50 நானோமீட்டர் என்ற தடிமன் சும்மா வந்ததல்ல. தடிமன் கூடக்கூட காந்த வேறுபாடு வளரும், ஆனால் வந்து சேரும் ஃபோட்டான்கள் குறையும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், கதிர் 1/இ அளவாக (சுமார் 37 சதவீதமாக) குறையும் ஆழத்தைப் போல இருமடங்கு தடிமன்தான் சிறந்தது. எல்3 உச்சியில் அந்த ஆழம் 20 நானோமீட்டரையொட்டியது.

அடித்தளம் 100 நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு சவ்வு. வட்டைச் சவ்வின் மேலேயே நேரடியாகப் படியவிட்டு, 3 நானோமீட்டர் அலுமினியத்தால் மூடி, அதற்கு மேல் 10 மைக்ரான் அகல ஸ்ட்ரிப்லைனை (மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் தரும் உலோகப் பட்டையை) போடுவது நல்லது. உலோகப் பட்டையின் மேல் வட்டை வைத்தால் அதன் சொரசொரப்பு கருவைப் பிடித்து நிறுத்திவிடும்.

ஸ்ட்ரிப்லைனுக்குத் தங்கம் வேண்டாம், தாமிரம் போதும். தாமிரத்தின் எல்3 விளிம்பு 932 எலக்ட்ரான்வோல்ட்டில் இருப்பதால், 853-ல் 200 நானோமீட்டர் தாமிரம் பெரும்பங்குக் கதிரை விட்டுவிடும். அதே தடிமன் தங்கம் பெரும்பங்கை விழுங்கிவிடும். லிஃப்ட்-ஆஃப் (வேண்டாத உலோகத்தை அடியிலுள்ள பூச்சோடு கரைத்து நீக்குவது) செய்யும்போது அல்ட்ராசோனிக் தொட்டிப் பக்கமே போகாதீர்கள், சவ்வு நொறுங்கும். சில்லை ஒட்டும்போது சுற்றிலும் பசை தடவிவிட்டால், சவ்வுக்குப் பின்னால் காற்று அடைபட்டு, வெற்றிடம் ஏறும்போது அது வெடிக்கும். ஒரு மூலை திறந்திருக்கட்டும். கம்பி இணைக்கும்போது இரு முனைகளையும் எர்த் செய்து வையுங்கள். கையிலிருந்து பாயும் நிலைமின்னே பட்டையை எரித்துவிடப் போதும்.

புலத்தின் கணக்கு எளிது: 10 மைக்ரான் பட்டையில் 16 மில்லியாம்பியர் ஓடினால் அதன்மேல் சுமார் 1 மில்லிடெஸ்லா. முதலில் அதில் மூன்றில் ஒரு பங்கோடு தொடங்குங்கள். கருவின் வேகம் நொடிக்குச் சுமார் 300 மீட்டரைத் தொட்டால் அது புரளத் தொடங்கும். நம் அதிர்வெண்ணில், 200 நானோமீட்டர் ஆரத்தில் சுற்றினாலே அந்த வேகம் வந்துவிடும். புலம் ரொம்பக் குறைந்தாலும் தொல்லைதான்: படிகத் துகள்களில் கரு சிக்கிக்கொண்டு, எதிர்பார்த்ததைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் அசையும்.

அதிர்வெண்ணைத் தேர்வது

பீம்டைம் (கதிரைப் பயன்படுத்த ஒதுக்கப்பட்ட நேரம்) வீணாவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். அதுவும் பென்சிலும் தாளும் வைத்துத் தடுத்திருக்கக்கூடிய காரணத்தால்.

வளையத்தில் எலக்ட்ரான் கொத்துகள் 2 நானோவினாடிக்கு ஒன்றாக, அதாவது 500 மெகாஹெர்ட்ஸில் வருகின்றன. ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ்-கதிர்த் துடிப்பு. வட்டை ஆட்டும் அதிர்வெண்ணை 500-இன் பின்னமாக, 'எம்'/'என்' என்று வையுங்கள்; இரண்டும் முழு எண்கள். இரண்டுக்கும் பொதுக் காரணி இருக்கக் கூடாது. அப்போது அடுத்தடுத்த துடிப்புகள் ஆட்டத்தின் வெவ்வேறு கட்டங்களில் விழும். 'என்' எண்ணிக்கையில் கவுண்டர்கள் (ஃபோட்டான் எண்ணிகள்) வைத்து, வந்த ஃபோட்டான்களை முறைப்படி ஒவ்வொன்றிலும் போட்டால், ஒரு முழுச் சுற்றின் 'என்' படங்கள் ஒரே ஸ்கேனில் கிடைக்கும்.

நம் வட்டின் ஒத்திசைவு (கரு மிகப் பெரிதாக ஆடும் அதிர்வெண்) கணக்குப்படி 250 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வரும். அளக்கும்போது சற்றுக் குறைவாக இருப்பது வழக்கம். 11/23 எடுத்தால் 239.13 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 23 படங்கள், படத்துக்குப் படம் 182 பிக்கோவினாடி.

23 ஏன், 20 ஏன் கூடாது? வளையத்தில் கொத்துகளுக்கு 400 இடங்கள் உள்ளன. எல்லாம் ஒரே அளவில் நிரம்பியிருப்பதில்லை, நடுவே காலி இடங்களும் உண்டு. 400-ஐ 20 வகுக்கும். ஆகவே ஒரு குறிப்பிட்ட கொத்து எத்தனை முறை சுற்றி வந்தாலும் ஒரே கவுண்டரில்தான் விழும். கொத்துகளின் ஏற்றத்தாழ்வு அப்படியே படத்தில் ஏறி, காந்த அசைவுபோல நடிக்கும். 400-உடன் பொதுக் காரணி இல்லாத 23, 27, 29 போன்ற எண்களில், ஒவ்வொரு கொத்தும் எல்லாக் கவுண்டர்களுக்கும் போய்வந்து வேறுபாடு சமமாகிவிடும்.

குவியமும் கோணமும்

240 மைக்ரான் விட்டம், 25 நானோமீட்டர் வெளிவளையம் கொண்ட ஜோன் பிளேட்டுக்கு (எக்ஸ்-கதிரைக் குவிக்கும் வளைய வில்லைக்கு) 853 எலக்ட்ரான்வோல்ட்டில் குவியத் தொலைவு 4.1 மில்லிமீட்டர், பிரிதிறன் 30 நானோமீட்டர். குவிய ஆழம் கூட்டியும் குறைத்தும் 0.9 மைக்ரானுக்கும் குறைவு. இரும்பு விளிம்புக்கு மாறினால் குவியத் தொலைவு 3.4 மில்லிமீட்டராகச் சுருங்கும். பிளேட் 0.7 மில்லிமீட்டர் நகரும்போது பக்கவாட்டிலும் கொஞ்சம் விலகும் என்பதால், வட்டை மறுபடியும் தேடிப் பிடிக்க வேண்டிவரும்.

கதிர் நேராக விழுந்தால் செங்குத்தான கரு மட்டும் புள்ளியாகத் தெரியும். அதுவோ கதிர்ப்புள்ளியைவிடச் சிறியது. மாதிரியை 30 பாகை சாய்த்தால் தளத்தில் கிடக்கும் காந்தமும் தெரியும்: வட்டு பாதி வெளிச்சமாக, பாதி இருட்டாக, நடுவே எல்லைக்கோட்டுடன். முதலில் சாய்த்து, எல்லைக்கோட்டின் ஆட்டத்தைக் கொண்டு ஒத்திசைவைக் கண்டுபிடியுங்கள். கருவின் முனை எந்தப் பக்கம், மேலா கீழா, என்று அறிய நேராக்குங்கள். சாய்வில் 2 மைக்ரான் வட்டின் இரு ஓரங்களுக்கும் உயர வித்தியாசம் 1 மைக்ரான். குவிய ஆழத்துக்குள் அடங்கிவிடும்.

எவ்வளவு நேரம்

1 சதவீத வேறுபாட்டை இரைச்சலைவிட 5 மடங்கு தெளிவாகக் காண, பிக்சலுக்கும் கவுண்டருக்கும் தலா 2,50,000 ஃபோட்டான் வேண்டும். 23 கவுண்டருக்கு ஏறத்தாழ 58 லட்சம். நொடிக்கு 2 கோடி எண்ணினால் பிக்சலுக்கு 0.29 வினாடி, 25 நானோமீட்டர் இடைவெளியில் 100×100 பிக்சலுக்கு 48 நிமிடம். கதிரைக் கூட்டி வேகமாக முடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஃபோட்டான்களை உணரும் அவலாஞ்ச் டயோடு ஒரு கொத்திலிருந்து வந்த இரண்டு ஃபோட்டானையும் ஒன்றாகத்தான் எண்ணும். கொத்துக்குச் சராசரி 0.04 என்பது பாதுகாப்பான அளவு.

தெரிவது காந்தம்தானா

ஒவ்வொரு படத்தையும் 23-இன் சராசரியால் வகுங்கள். அசைவது மட்டும் மிஞ்சும். பிறகு முனைவாக்கத்தைத் திருப்பி முழு அளவீட்டையும் இன்னொரு முறை எடுங்கள். காந்தச் சமிக்ஞை கறுப்பு வெள்ளையாகத் தலைகீழாகும். தலைகீழாகாதது எதுவும் காந்தமல்ல. வட்டுக்கு வெளியே வெறும் சவ்விலும் கட்டத்துக்குக் கட்டம் ஒளி ஏறி இறங்கினால், வட்டை ஆட்டும் மின் அலை டயோடின் கேபிளுக்குள் கசிகிறது என்று பொருள். ஸ்கேன் செய்த சதுரம் மட்டும் நாள்பட நாள்படக் கறுத்தால் அது கார்பன் படிவு.

கரு எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதே அதன் முனையைச் சொல்லிவிடும். அளவீட்டுக்கு நடுவே கரு அடிக்கடி புரண்டால், இரு திசைச் சுற்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படம் மங்கும். அப்போது புலத்தைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். இந்த முறை கோடிக்கணக்கான சுற்றுகளின் கூட்டு. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடப்பது மட்டுமே இதில் சிக்கும்.

பிக்கோவினாடிக்கும் கீழே

கொத்தின் நீளமே சில பத்து பிக்கோவினாடி. ஃபெம்டோவினாடி லேசரால் நிக்கலின் காந்தம் 1 பிக்கோவினாடிக்குள் சரிவதை 1996-ல் போர்பேர் குழு ஒளியால் கண்டது. அதையே எக்ஸ்-கதிரில் பார்க்க, கொத்திலிருந்து மெல்லிய துண்டை லேசரால் அரிந்தெடுக்கும் ஸ்லைசிங் முறை (பெஸ்ஸி 2-இல் 2007-ல் இப்படித்தான் நிக்கல் அளக்கப்பட்டது) அல்லது கட்டற்ற எலக்ட்ரான் லேசர் வேண்டும். அங்கே லேசருக்கும் எக்ஸ்-கதிருக்கும் இடையிலான நேரத்தை நகர்த்துவது, ஒளியைத் திருப்பும் கண்ணாடி ஏறிய ஒரு தண்டவாளம்: 15 மைக்ரான் தள்ளினால் ஒளிப்பாதை 30 மைக்ரான் மாறும், அது 100 ஃபெம்டோவினாடி. லேசரும் எக்ஸ்-கதிரும் ஒன்றாக வரும் கணத்தை, ஒரே வேக டயோடில் இரண்டையும் விழவிட்டு ஆசிலாஸ்கோப்பில் சில பத்து பிக்கோவினாடிக்குள் கொண்டுவாருங்கள். மிச்சத்தை மாதிரியின் காந்தச் சரிவே காட்டிக்கொடுக்கும். லேசர்ப் புள்ளி எக்ஸ்-கதிர்ப் புள்ளியைவிடக் குறைந்தது இருமடங்காவது அகலமாக இருக்கட்டும். இல்லையென்றால் சூடான நடுவும் ஆறிய ஓரமும் கலந்து, சரிவு உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும்.