டூரிஸ்ட் விசாவில் வந்தவரோடு கல்யாணமா? முகூர்த்தம் குறிக்கும் முன் நாளை எண்ணுங்கள்

டூரிஸ்ட் விசாவில் வந்திருப்பவர் இந்தியாவில் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று எந்தத் திருமணச் சட்டமும் சொல்லவில்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கம் இப்படிப்பட்ட கல்யாணங்கள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் காலண்டரால்தான். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகை அடித்து, கடைசியில்தான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறார்கள். அங்கே போனதும்தான் முப்பது நாள் கணக்கு தெரியவருகிறது.

ஒருவர் இந்து, மற்றவர் வேறு மதம் அல்லது மதமே இல்லாதவர் என்றால், வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். திருமணம் செய்யப்போகிறோம் என்று இருவரும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் அது ஒட்டப்பட்டு முப்பது நாள் கழிந்த பிறகே திருமணம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆன்லைனில் எடுக்கும் முப்பது நாள் ஈ-விசாவில் ஜனவரி 2 அன்று வந்து இறங்குகிறார். 5-ஆம் தேதி நோட்டீஸ். பிப்ரவரி 4-க்கு முன்னால் கையெழுத்துப் போட முடியாது. விசாவோ ஜனவரி கடைசியோடு முடிந்துவிடும், அதை நீட்டிக்கவும் மாட்டார்கள். தை முகூர்த்தம் கையில் இருந்தும் பயனில்லை.

ஆகவே முப்பது நாள் விசாவை எடுக்கவே வேண்டாம். ஓராண்டு, ஐந்தாண்டு ஈ-டூரிஸ்ட் விசாக்களில் பலமுறை வந்து போகலாம். நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடந்தால் போதும். அதனால் ஒருமுறை வந்து நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய், திரும்ப வந்து திருமணத்தை முடிக்கலாம். மூன்று மாதம் தாண்டினால் நோட்டீஸ் செத்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது அதற்கு முந்தைய முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் அந்த முப்பது நாளை இங்கே கழிக்கத் தேவையில்லை, உள்ளூர்க்காரர் இருந்தால் போதும். ஆனால் நம் உள்ளூர்க்காரர் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, ஆதாரில் மட்டும் மதுரை வில்லாபுரம் முகவரியை வைத்திருப்பார்! அதை நம்பி நோட்டீஸ் கொடுக்காதீர்கள். லீவு போட்டு வந்து இருங்கள், அல்லது இருக்கிற ஊரிலேயே கொடுங்கள்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வீட்டில் ஒரு மாமா சொல்லுவார்: “தாலிய மொதல்ல கட்டட்டும்ப்பா, பதிவெல்லாம் பெறகு பாத்துக்கலாம்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். 1967-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ஏற்ற சுயமரியாதைத் திருமணத்துக்கும் அதே நிபந்தனைதான். மதம் மாறாத ஒருவருக்கு அம்மி மிதித்து அருந்ததி காட்டினாலும், சட்டத்தின் கண்ணில் அது வீட்டு விசேஷம். அதைத் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி பதிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. செல்லாத திருமணத்தைப் பதிவு செல்லவைக்காது.

சடங்கு முடிந்த திருமணத்தைச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிய 15-ஆவது பிரிவு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதற்கு இருவருமே அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும், அதன்மேல் முப்பது நாள் அறிவிப்பும் உண்டு. ஆக, வெளிநாட்டவர் இரண்டு மாதம் இங்கேயே இருக்க வேண்டி வரும். நோட்டீஸை முதலில் கொடுத்து, பதிவு நாளை ஒட்டி மண்டபத்தில் தாலி கட்டினால் இந்த அலைச்சலே இல்லை.

திருப்பரங்குன்றத்தில்தான் தாலி கட்டுவோம் என்று ஆசைப்படுபவர்கள், முதலில் கோயில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 2024 ஜனவரியில் பழனி கோயில் வழக்கில், இந்து அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. முகூர்த்த நேரத்தில் வாசலில் நின்று வாதாடுவது யாருக்கும் அழகில்லை.

மலேசியத் தமிழர், இலங்கைத் தமிழர் என்று வந்து இருவரும் இந்துக்களாகவே இருந்தால் கதை வேறு. இந்து திருமணச் சட்டப்படி முடித்துப் பதியலாம், முப்பது நாள் நோட்டீஸ் கிடையாது. ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் வழியும் திறந்திருக்கிறது.

நோட்டீஸ் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர், வயது, முகவரி எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்குத் தெரியாமல் செய்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் ஆட்சேபம் என்பது வயது, உயிரோடு இருக்கும் முதல் துணை, மனநிலை, நெருங்கிய உறவுமுறை ஆகியவற்றைப் பற்றியதாக மட்டுமே இருக்க முடியும். “எங்களுக்குப் பிடிக்கவில்லை” என்பது ஆட்சேபம் ஆகாது.

பேப்பர் விஷயத்தில் சறுக்குவது ‘திருமணமாகாதவர்’ சான்றில். இங்கே வருவாய்த் துறையிடம் வாங்குவது போல எல்லா நாட்டிலும் அது கிடைப்பதில்லை. அமெரிக்கர் என்றால் தூதரக அதிகாரி முன் தானே உறுதிமொழிப் பத்திரம் கொடுப்பார். பிரெஞ்சுக்காரர் என்றால் பாண்டிச்சேரி துணைத் தூதரகம். அவர்களும் தங்கள் பங்குக்கு ஓர் அறிவிப்பு ஒட்டுவார்கள், அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும். விவாகரத்தானவர் இறுதித் தீர்ப்பைக் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டு ஆவணங்களுக்கு அந்தந்த நாட்டிலேயே அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் சான்று) வாங்கி வருவது நல்லது, இங்கே வந்த பிறகு அதை வாங்க வழியில்லை. பெயர் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்கட்டும். நம் பக்கத்து இனிஷியல் ஒன்றில் விரிந்தும் ஒன்றில் சுருங்கியும் இருப்பது, பின்னால் விசா கேட்கும்போது தொல்லை தரும்.

நாள் போதாமல் ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டால்? 2022 ஜூலையில், கன்னியாகுமரி மாவட்டப் பெண் ஒருவரின் வழக்கில், அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளை வீடியோ மூலம் மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணக்கலாம் என்று இதே மதுரைக் கிளை அனுமதித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பெண் ரிட் மனு போட்டுத்தான் அதைப் பெற்றார். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வருகிறவர் உங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்று லாட்ஜ்காரர்கள் சொல்வது இதைத்தான். சொந்தக்காரர் மாதிரிதானே என்று விட்டுவிடுகிறார்கள், பிறகு வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ. கேட்கும்போது முழிக்கிறார்கள்.

கல்யாணம் முடிந்ததும் டூரிஸ்ட் விசா தானாக மாறிவிடாது. சாதாரண டூரிஸ்ட் விசாவை, இந்தியரின் துணையாகத் தங்குவதற்கான என்ட்ரி விசாவாக மாற்ற, பதிவுச் சான்றோடு எஃப்.ஆர்.ஆர்.ஓ.விடம் விண்ணப்பிக்கலாம், சேர்ந்து வாழ்கிறீர்களா என்று விசாரித்த பிறகே தருவார்கள். ஈ-விசாவுக்குப் பொதுவிதி, மாற்றம் கிடையாது என்பதுதான். பதிவுச் சான்றோடு ஊருக்குப் போய், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் என்ட்ரி விசா வாங்கி வருவதே நிம்மதி. ஆயுள் விசா போன்ற ஓ.சி.ஐ. அட்டை கேட்க, திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். குடியுரிமை என்றால் இங்கே ஏழு ஆண்டு வசித்த பிறகுதான் விண்ணப்பமே.