தள்ளுபடிக் கடையில் பிரெஞ்சு வெள்ளை ஒயின்: ரீயூனியனுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

புதுச்சேரியிலிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள இந்தப் பிரெஞ்சுத் தீவின் தலைநகரான சேன் தெனிக்கு வந்து இறங்கும் ஒவ்வொருவரும் முதல் வருடம் அதே ஒயின் அலமாரிக்கு முன்னால் நின்று, நாங்கள் வந்த புதிதில் அடித்த அதே கூத்தை அடிக்கிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பத்து யூரோவுக்குள் நல்லதாக ஒரு வெள்ளை ஒயின் கிடைத்தால் போதும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெயருக்குக் காசு கொடுப்பது

ஷப்லி, சான்சேர் என்ற பிரபலமான வெள்ளை ஒயின் பெயரைக் கண்டதும் கை தானாக நீளும். தள்ளுபடிக் கடைக்கு வரும் ஷப்லி பெரும்பாலும் அந்தப் பெயரில் கிடைப்பதிலேயே சுமாரான சரக்கு. சான்சேரும் தூரேன் சோவிஞோனும் லுவார் ஆற்றை ஒட்டிய ஊர்கள் தருபவை, திராட்சையும் ஒன்றுதான். மட்டமான சான்சேருக்குக் கொடுக்கும் காசில் நல்ல தூரேன் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். கடலோரத்தில் மீன் கறியோடு குடிக்கப் பிக்பூல் து பினே இருக்கிறது. அதையும் விட மலிவாக வேண்டுமென்றால் கோத் து காஸ்கோஞ்: கொலம்பார், உய்ஞி பிளான் திராட்சைகளில் செய்தது, சமோசா தட்டோடு ஒரு பாட்டில் காலியாவதே தெரியாது.

பழைய ஆண்டுச் சரக்கைப் பாதி விலைக்குப் பெட்டியோடு வாங்குவது

இதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது. மகள் பிறந்தநாளுக்காக என் மச்சினன் ஜனவரி வெயிலில் போய் இரண்டு பெட்டி முஸ்காதே தூக்கிக்கொண்டு வந்தான். கடை வாசலில், கண்ணாடிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்களாம், பாதி விலையாம். லேபிளைப் பார்த்தேன், ஐந்து வருடத்துக்கு முந்தைய அறுவடை. ஏண்டா என்றால், "ஒயின் பழசாகப் பழசாகத்தானே மாமா ருசி!" என்கிறான்.

திறந்து ஊற்றினால் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது நல்லெண்ணெய் நிறத்தில் இறங்கியது. மூக்கருகே கொண்டுபோனால் நறுக்கி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசனை. புளிப்பும் இல்லை, உப்புக் காற்று போல வரும் அந்தப் பின்சுவையும் இல்லை. அடுத்த பாட்டிலும் அப்படியே. மூன்றாவதில் கார்க் மேலே தள்ளிக்கொண்டு வந்து, உறைக்கு அடியில் பிசுபிசுவென்று ஒட்டியது; எங்கேயோ நன்றாகச் சூடு வாங்கிய பாட்டில் அது.

சரி, ஏன் இப்படி ஆகிறது? முஸ்காதே நாந்த் நகரத்துப் பக்கம் மெலோன் து பூர்கோஞ் திராட்சையில் செய்வது. லேபிளில் 'சூர் லி' என்றிருந்தால் குளிர்காலம் முழுக்க அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு கிடந்து பாட்டிலுக்கு வந்தது என்று அர்த்தம். அந்தத் துடிப்போடு ஒன்றிரண்டு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். கிளிசோன், கோர்ழ் மாதிரி 2011-இல் தனி அங்கீகாரம் பெற்ற ஊர்களின் முஸ்காதே பல வருடம் தாங்கும், ஆனால் அவை வாசலில் குவியலாகக் கிடக்காது. இங்கே வருவதோ கப்பலில், வாரக்கணக்கில், நிலநடுக்கோட்டைத் தாண்டி. அப்புறம் கிடங்கு, அப்புறம் வாசல் வெயில். சூட்டில் ஒயின் சீக்கிரம் கிழடு தட்டும். மலிவு வெள்ளையை ஊறுகாயாக நினைக்காதீர்கள், மீனாக நினையுங்கள்.

ஆகவே முதலில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். போன வருடமோ அதற்கு முந்தையதோ என்றால் எடுக்கலாம். நிறமில்லாத பாட்டில் என்றால் அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுங்கள், ஏனென்றால் முன்வரிசை நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது, வெளிச்சமும் ஒயினைக் கெடுக்கும். பெட்டி வேண்டுமென்றால் ஒரே ஒரு பாட்டில் வாங்கி அன்று இரவே திறந்து பாருங்கள், பிடித்திருந்தால் மறுநாள் போய்ப் பெட்டி எடுங்கள். தள்ளுபடி அதற்குள் முடிந்துவிடும் என்று பதறுகிறவன்தான் என் மச்சினன் போல இரண்டு பெட்டி சுமப்பான். வாங்கியதைக் கார் டிக்கியில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பதக்க ஸ்டிக்கர்

பிரெஞ்சு விதிப்படி ஒரு போட்டிக்கு வரும் ஒயின்களில் மூன்றில் ஒரு பங்கு வரை பதக்கம் கொடுக்கலாம். ஸ்டிக்கரின் மதிப்பை அதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள். எந்தப் போட்டி என்று படியுங்கள். பாரிஸில் நடக்கும் வேளாண் போட்டியான கொங்கூர் ஜெனரால் அக்ரிகோல் என்றால் கொஞ்சம் நம்பலாம்.

'கிராந்த் ரெசெர்வ்', 'வியேய் விஞ்'

லேபிளில் 'பெரிய ரிசர்வ்', 'பழைய கொடிகள்' என்று பெருமையடிக்கும் இந்தச் சொற்களுக்குச் சட்டப்படி வரையறையே கிடையாது. அதற்குப் பதில் பாட்டிலில் அடைத்தது யார் என்று தேடுங்கள். 'ஓ தொமேன்' (தோட்டத்திலேயே) என்றால் தோட்டக்காரரே. 'தான் நோ ஷே' (எங்கள் கிடங்கில்) என்றால் யாரோ ஒருவருடைய கிடங்கு, அவ்வளவுதான்.

இனிப்பைக் கவனிக்காதது

'முவால்லோ' என்றிருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை, 45 வரை போகலாம். மீனுக்கு ஒத்துவராது. ஆனால் காரமான ஆட்டு மசாலேக்கு (இந்தத் தீவின் ஆட்டுக்கறிக் குழம்பு) லேசாக இனிக்கும் ஆல்சாஸ் கெவுர்ஸ்த்ராமினர் பிரமாதம், காரத்தை அடக்கும்.

பாரிஸ் விலையோடு ஒப்பிட்டுப் புலம்புவது

இங்கே மதிப்புக்கூட்டு வரி 8.5 சதவீதம், அங்கே 20. ஆனால் இங்கே கப்பல் கூலியும், வந்து இறங்கும் சரக்குக்குப் போடும் ஒக்த்ருவா து மேர் என்ற வரியும் சேரும். புலம்பிப் பயனில்லை.

ஐஸ்கட்டி

வாளியில் போடுங்கள், கிளாசில் வேண்டாம். 8 முதல் 10 டிகிரி போதும்.