வெளிநாட்டிலிருந்து அஞ்சல்தலைகளை இணையத்தில் வாங்கும்முன்

1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான பத்து ரூபாய் காந்தி அஞ்சல்தலைக்குச் சந்தையில் போலிகள் ஏராளம் என்பதால், முன்பக்கப் படத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாமல், பின்பக்கத்தையும் ஓரத்தில் உள்ள துளைப் பற்களையும் பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். பற்களின் நுனி இழைகளில் பசை படிந்து விறைத்திருந்தால், பழைய அஞ்சல்தலைக்குப் புதுப்பசை பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அஞ்சல்தலை ஒட்டிய உறையென்றால், அஞ்சல் முத்திரையின் கோடு அஞ்சல்தலையிலிருந்து உறைக்குப் பிசகாமல் தொடர்கிறதா என்று பாருங்கள்.

சுங்கவரியைத் தவிர்க்க விலையைக் குறைத்து, 'அன்பளிப்பு' எனப் பொட்டலத்தில் எழுதித் தருவதாக விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டப்படி தவறு என்பதோடு, பொட்டலம் தொலைந்தால் முழு விலைக்கு இழப்பீடு கேட்கவும் முடியாது. அண்மைக்கால இந்திய வெளியீடுகளுக்கோ இந்தப் பாடே வேண்டாம். சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் அஞ்சல்தலைப் பிரிவில் இருப்பில் உள்ளவை முகமதிப்புக்கே, அதாவது தலையில் அச்சிட்ட விலைக்கே கிடைக்கும்.