மாசசூசெட்ஸில் ஒரு காட்டை ஊர் நிதியில் வாங்கிக் காப்பது எப்படி

மாசசூசெட்ஸில் வீட்டுமனைகளாக மாறவிருக்கும் ஒரு காட்டையோ சதுப்பு நிலத்தையோ காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் நாட வேண்டியது, 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, ‘கம்யூனிட்டி ப்ரிசர்வேஷன் ஆக்ட்’ (சி.பி.ஏ.) எனும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் நிதியை. இச்சட்டத்தை வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்ட ஊர்கள், சொத்து வரியின் மேல் 3 விழுக்காடு வரை கூடுதல் வரி விதித்து அதைத் தனி நிதியாக வைத்திருக்கின்றன. பத்திரப் பதிவுக் கட்டணத்திலிருந்து மாநில அரசு தரும் பங்கும் ஆண்டுதோறும் அதனுடன் சேர்கிறது. மாநிலத்தின் 351 ஊர்களில் பாதிக்கு மேற்பட்டவை இதில் சேர்ந்துவிட்டன. உங்கள் சொத்து வரிச் சீட்டில் ‘சி.பி.ஏ.’ என்ற வரி இருந்தால், அந்த நிதிக்கு நீங்களும் பணம் கட்டி வருகிறீர்கள் என்று பொருள்.

பணத்தைவிடக் காலம் போதாமல்தான் நிலங்கள் பெரும்பாலும் கைநழுவிப் போகின்றன. ஆகவே விற்பனைப் பலகை வைக்கப்படும்வரை காத்திராமல், ஊரின் இயற்கைப் பாதுகாப்பு ஆணையமான கன்சர்வேஷன் கமிஷனின் உறுப்பினர் ஒருவருடன் சென்று நில உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அந்த நிலம் காடு, பண்ணை அல்லது பொழுதுபோக்கு நிலம் என்று வரிச்சலுகை பெற்று வருகிறதா என்பதை ஊர் வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்டறிவதும் மிக அவசியம். 61, 61ஏ, 61பி ஆகிய சட்டப் பிரிவுகளின் கீழ் சலுகை பெறும் நிலத்தை வேறு பயன்பாட்டுக்காக விற்க உரிமையாளர் ஒப்பந்தம் செய்தால், அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை ஊருக்கு 120 நாட்கள் இருக்கும். அந்த உரிமையை இலாப நோக்கற்ற நிலப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்கும் ஊர் மாற்றித் தரலாம். ஊரின் செலவுகளை வாக்களித்து முடிவு செய்யும் ஊர்க்கூட்டம் வசந்த காலத்தில் கூடும் ஊரில், கோடையில் அறிவிப்புக் கடிதம் வந்தால் அந்த 120 நாட்கள் எவ்வளவு விரைவில் கரைந்துவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். சிறப்புக் கூட்டம் கூட்டக் கேட்பதா, நில அமைப்பை முன்னே நிறுத்துவதா என்பதை அப்போது ஓரிரு வாரங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டியிருக்கும்.

நிதி கேட்டு எழுதும் விண்ணப்பம் ஊரின் சமூகப் பாதுகாப்புக் குழுவிடம் செல்லும். 5 முதல் 9 பேர் வரை கொண்ட இக்குழுவில் இயற்கை, வரலாறு, திட்டமிடல், பூங்கா, வீட்டு வசதி ஆகிய ஐந்து துறைகளின் பிரதிநிதிகள் இருப்பார்கள். திறந்தவெளி, வரலாற்றுச் சின்னம், எளியோர்க்கான வீட்டு வசதி ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வருவாயில் குறைந்தது 10 விழுக்காடு ஒதுக்கியாக வேண்டும் என்பதால், வீட்டு வசதிக்காகப் பேசுபவர்களை எதிரிகளாகப் பார்க்காதீர்கள். சாலையோரப் பகுதியில் சில வீடுகளும் பின்புறக் காட்டுக்கு முழுப் பாதுகாப்பும் என்று இரு தரப்பும் சேர்ந்து கொண்டுவரும் திட்டத்தைக் குழு எளிதில் மறுக்காது.

‘அழகான காடு’ என்று எழுதுவது போதாது. அங்கே என்ன வாழ்கிறது என்பதைக் காட்டுங்கள். வசந்தத்தில் நிரம்பிக் கோடையில் வற்றும் சிறு குட்டைகள் இம்மாநிலக் காடுகளில் உண்டு. மீன் தங்க முடியாத அந்தக் குட்டைகளில்தான் ‘வுட் ஃப்ராக்’ எனும் காட்டுத் தவளையும், பல்லி போன்ற உருவம் கொண்ட மஞ்சள் புள்ளிச் சலமாண்டரும் முட்டையிடுகின்றன. உரிமையாளரின் அனுமதியுடன் வசந்தத்தில் சென்று, நீருக்குள் சுள்ளிகளைப் பற்றியபடி கிடக்கும் வழவழப்பான முட்டைத் திரள்களைப் படம் எடுத்து, அரிய உயிரினங்களுக்கான மாநிலத் திட்டத்திடம் அனுப்பினால், அந்தக் குட்டைக்கு அதிகாரபூர்வச் சான்று பெறலாம். அந்த ஒரு சான்று பத்துப் பக்க வருணனையைவிட வலுவானது. ஊரின் திறந்தவெளித் திட்ட அறிக்கையில் அந்த நிலம் இடம்பெற்றிருந்தால் அந்தப் பக்கத்தையும் இணையுங்கள்.

முறையான மதிப்பீட்டில் வரும் விலைக்கு மேல் இந்த நிதியிலிருந்து கொடுக்கச் சட்டம் இடம் தராது. எனவே உரிமையாளருக்குப் பெருந்தொகை ஆசை காட்டிவிடாமல், மதிப்பீட்டை முதலிலேயே செய்துவிடுங்கள். ஊர்கள் இயற்கை நிலம் வாங்க மாநிலம் தரும் ‘லேண்ட்’ மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது ஊர் செலவழித்த பின்னரே திரும்பக் கிடைக்கும் பணம் என்பதால், முழுத் தொகைக்கும் ஊர்க்கூட்டம் முன்னதாகவே ஒப்புதல் தந்திருக்க வேண்டும்.

குழுவின் சம்மதம் வெறும் பரிந்துரைதான். ஊர்க்கூட்டம் அந்தத் தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம், கூட்ட முடியாது. கடன் எடுத்து வாங்குவதானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். ஆகவே அன்று மாலை அரங்கில் உங்கள் பக்கம் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். குடியுரிமை பெற்று வாக்காளராகப் பதிவு செய்த நம் தமிழர்கள் பலர் தேசியத் தேர்தலில் காட்டும் அக்கறையை இக்கூட்டத்தில் காட்டுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். வாக்குரிமை இல்லாதவர்களும் சமூகப் பாதுகாப்புக் குழுவின் பொது விசாரணைக்கு வரலாம்.

வாங்கிய நிலத்தின் மேல் நிரந்தரப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுப் பத்திரம் எழுதப்பட வேண்டும் என்பது சட்டத்தின் கட்டாயம். அதை ஊர் அல்லாத வேறோர் அமைப்பு ஏற்றுக் கண்காணிக்க வேண்டும். மாநில அரசின் ஒப்புதலும் தேவை. கிரயம் முடிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பதால், விண்ணப்பம் எழுதும்போதே அந்த அமைப்பைத் தேடி வரைவைத் தொடங்கிவிடுங்கள். அன்றாடப் பராமரிப்புக்கு இந்த நிதியைப் பயன்படுத்த முடியாது. ஆகவே பாதைகளைச் சீர்செய்யவும் அயல் களைகளை அகற்றவும் பொறுப்பேற்பவர்கள் யார் என்பதையும் அதே விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.