கியர் இறக்கும்போது வண்டி ஏன் குத்துகிறது?

வளைவு வருகிறது. பைக்கில் நான்காவது கியரில் வந்தவர் பிரேக் பிடிக்கிறார், கிளட்சைப் பிடித்து இரண்டு கியர் இறக்குகிறார், கிளட்சைப் பட்டென்று விடுகிறார். வண்டி முன்னால் குத்துகிறது, பின் சக்கரம் கீச்சென்று துள்ளுகிறது. பழி பெரும்பாலும் கியர்பாக்ஸ் மேல்தான் விழும். பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

ஒரு வண்டியில் மூன்றாவது கியரின் விகிதம் 1.3, இரண்டாவதன் விகிதம் 1.7 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதில் 4,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 4,000 சுற்று) ஓடும் எஞ்சின், அதே வேகத்தில் இரண்டாவதுக்கு வந்தால் சுமார் 5,200இல் ஓடியாக வேண்டும். ஆனால் கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை மூடிய உடனே ஆர்.பி.எம். ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது. இந்த இடைவெளியை உங்கள் வலது கை நிரப்பாவிட்டால் பின் டயர்தான் எஞ்சினை இழுத்துச் சுழற்ற வேண்டும். பிரேக் பிடித்திருப்பதால் எடை முன்னால் போய், பின் டயருக்குப் பிடிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும் நேரம் அது.

அதனால்தான் கிளட்ச் விடுவதற்கு முன் ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு முறுக்கு முறுக்கச் சொல்கிறார்கள். இதிலும் பலர் அளவு தப்புகிறார்கள். முறுக்கு அதிகமானால் வேகம் குறைய வேண்டிய இடத்தில் வண்டி முன்னால் தள்ளும். முறுக்கிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் ஆர்.பி.எம். மறுபடி விழுந்துவிடும். கிளட்ச், முறுக்கு, கியர், கிளட்ச் விடுதல் எல்லாம் ஒரே மூச்சில் முடிய வேண்டும். முறுக்கே இல்லாமல் கிளட்சை மெதுவாக விட்டுச் சமாளிப்பதைப் பெருங்குற்றம் போல் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டென்று விடுவதைவிட அது எவ்வளவோ மேல். அதிலேயே நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

உண்மையில் கஷ்டமானது பிரேக்கும் முறுக்கும் ஒரே கையில் இருப்பது. மணிக்கட்டு திரும்பும்போது பிரேக் பிடித்த விரல்களும் சேர்ந்து இழுத்துவிடும், முன் பக்கம் அமுங்கி எழும். இரண்டு விரல்கள் லீவரில் ஒரே அழுத்தத்தில் நிற்க, உள்ளங்கை மட்டும் திரும்பப் பழக வேண்டும். முதல் நாளே இதில் இறங்க வேண்டாம். காலியான நேர்ச் சாலையில், பிரேக் தொடாமல், நான்கிலிருந்து மூன்றுக்கு மட்டும் இறக்கிப் பாருங்கள். அது கைக்கு வந்த அப்புறம் பிரேக்கைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு கியர் இறக்க வேண்டுமா? ஒவ்வொன்றாக இறக்கி, நடுவில் கிளட்சை விட்டு விட்டுச் செய்யுங்கள். மொத்தமாக இறக்கினால் ஆர்.பி.எம். வித்தியாசம் பெரிதாகும், எந்தக் கியரில் இருக்கிறோம் என்பதும் மறந்துபோகும்.

இதெல்லாம் வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடிய வேண்டும். சாய்ந்த பிறகு டயரின் பிடிப்பில் பெரும்பங்கு திரும்புவதற்கே போய்விடும். அப்போது வரும் சின்னக் குத்தும் பின் சக்கரத்தை வழுக்க வைத்துவிடும். மறந்துபோய் சாய்ந்துவிட்டால், இருக்கிற கியரிலேயே வளைவை முடிப்பதுதான் புத்திசாலித்தனம். கிளட்சைப் பிடித்துக்கொண்டே வளைவில் உருளவும் கூடாது, ஆக்சிலரேட்டரால் வண்டியை நிலையாக வைக்கும் வழியே போய்விடும்.

'என் வண்டியில் ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிறதே' என்றால், சரி, அது பின் சக்கரத்துக்கு வரும் அதிர்ச்சியைக் குறைக்கும். ஆர்.பி.எம்.மை அது ஏற்றித் தராது.

பழகிவிட்டதா என்று பார்க்க, பின்னால் ஒருவரை உட்காரவைத்து நேர்ச் சாலையில் கியர் இறக்கிப் பாருங்கள். அவருடைய ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் இடிக்கக் கூடாது.