கட்டடம் எழும் முன் காற்றைக் கணக்கிடுங்கள்

ஒத்தக்கடைப் பக்கம் நிலத்தடித் தளத்துடன் ஓர் அடுக்குமாடி வரவிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பிக்கும் சிமெண்டுக்கும் கணக்குப் போடுகிறவர்கள், பக்கத்துத் தெருக் குழந்தை எதைச் சுவாசிக்கும் என்றும் கணக்குப் போட வேண்டும். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரிலிருந்துதான் சுற்றுச்சூழல் முன் அனுமதி கட்டாயம். சிறிய கட்டடத்துக்கும் இந்தக் காற்றுக் கணக்கைப் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதல் படி: மனையைச் சுற்றி முந்நூறு மீட்டர் நடங்கள். அங்கன்வாடி, மருத்துவமனை, முதியவர்கள் இருக்கும் வீடுகள் எல்லாவற்றையும் தாளில் குறியுங்கள்.

இரண்டாம் படி: காற்றின் திசை. ஆடியில் மேற்கிலிருந்து வீசும். கிழக்கே இருப்பவர்கள் தூசி தின்பார்கள். கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது தென்மேற்கு வீடுகள் மாட்டிக்கொள்ளும். எந்த மாதத்தில் மண் தோண்டுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

மூன்றாம் படி: இப்போதைய காற்றின் நிலை. 24 மணி நேரச் சராசரியில் 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், 2.5 வரையிலானது 60, இவைதான் நம் நாட்டு வரம்புகள். புதியவர்கள் தவறுவது இங்கேதான். செல்பேசி காட்டும் காற்றுத் தரக் குறியீடு வேறு, மைக்ரோகிராம் அளவு வேறு. நம் நாட்டுக் குறியீட்டில் 2.5 துகள் 60 மைக்ரோகிராமைத் தொட்டாலே எண் 100 ஆகிவிடும்.

நான்காம் படி: லாரிக் கணக்கு. இதை மட்டும் அவசரப்படாமல் போடுங்கள். 40 மீட்டர் நீளம், 30 அகலம், 3 ஆழம் தோண்டினால் 3,600 கன மீட்டர் மண். தோண்டிய மண் உப்பும். கால் பங்கு கூட்டினால் 4,500. டிப்பருக்குப் பத்து கன மீட்டர் என்றால் 450 லோடு. போக வர 900 நடை. ஒரு மாதத்தில் முடிப்பதானால், நாளுக்கு முப்பது முறை அந்த அங்கன்வாடி வாசலில் லாரி போகும். தார்ப்பாய் மூடுவது, சக்கரம் கழுவுவது, வேறு பாதை, பள்ளி விடும் நேரத்தில் நிறுத்தம் எல்லாவற்றையும் இந்த எண்ணை எதிரே வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஐந்தாம் படி: குடியேறிய பின் ஓடும் ஜெனரேட்டர். அதன் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கி, கட்டட உயரத்தோடு கூட்டினால் புகைக்குழாயின் குறைந்தபட்ச உயரம் கிடைக்கும். 100 கேவிஏ என்றால் மாடிக்கு மேல் 2 மீட்டர்.

வேலை தொடங்கும் முன்னும், பிறகு வாரந்தோறும், பக்கத்து வீட்டுச் செம்பருத்தி இலையை ஈரத்துணியால் துடைத்து, துணிகளைத் தேதியிட்டு வையுங்கள். கறை கூடினால், தூசி அடங்கத் தண்ணீர் தெளிப்பது போதவில்லை என்று அர்த்தம். மேஸ்திரியிடம் அன்றைக்கே அந்தத் துணியைக் காட்டுங்கள்.